நாலு வயரில் நாலு நூல்

நூலை அறுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

என் பெயர் வில்சன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் ஆயில்மேனாக இருந்தேன். மிஷினுக்கு எண்ணெய் விடுகிற வேலை. படிப்பு அஞ்சாங்கிளாஸ். பைபிளை விரல் வைத்து வாசிப்பேன், அவ்வளவுதான். மனைவி ஏசம்மாள் போய் ஒன்பது வருஷமாகிறது. இப்போது வீட்டில் நான், மகன் ஜெர்வின், அவன் பெண்டாட்டி வெங்கடேஸ்வரி, மூன்றே பேர்.

ஜெர்வின் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்தான். மலைப் பாதையில் வண்டி உருண்டதில் நாலு பேரில் இவன் மட்டும்தான் மிஞ்சினான். உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊருக்கு வந்தவன் பேசுவதை நிறுத்திவிட்டான். முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, சுவரைப் பார்த்துப் படுத்தபடியே மாதக் கணக்கில் கிடந்தான்.

ஒரு நாள் தானாகவே எழுந்தான். ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து, அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் பலகையைப் பொருத்தி, டிவியில் பழைய கேம் ஓடுகிற பெட்டியாக்கினான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டிவியில் செருகி விளையாடுவானே, அதே கேம்கள். டின்னில் இருந்த துளை போதவில்லை என்று ஹப் ஒன்று வாங்கிப் போட்டான். ஹப் என்றால் ஒரு துளையை நாலு துளையாகப் பிரிக்கிற சின்னக் கட்டை. அதில் இரண்டு கண்ட்ரோலர், கேம்களை வைத்திருக்கிற ஒரு டிஸ்க் என்று மாட்டினான், டின்னுக்குப் போகிற வயரோடு சேர்த்து நாலு வயர். வெங்கடேஸ்வரி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் சாயங்காலம் வந்ததும் ஆளுக்கொரு கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கார் விடுவார்கள். அந்த முக்கால் மணி நேரம்தான் எங்கள் வீட்டில் என் மகன் குரல் கேட்கும்.

மாசி மாதம் ஒரு நாள் விளையாட்டின் நடுவில் கண்ட்ரோலர் இரண்டும் செத்துப்போயின. ஹப் போய்விட்டது என்றானாம். எழுந்தான். செருப்புப் போடாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டான். ரயில்வே கேட் பக்கம் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தவனை, கேட்டில் வேலை பார்க்கும் இசக்கிமுத்துதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "காத்து வாங்க வந்தாப்ல போல" என்று சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு எனக்குள் புகுந்த பயம் இன்னும் வெளியே போகவில்லை. ரயில் ஊதினால் அவன் அறைக் கதவைத்தான் பார்க்கிறேன்.

வெங்கடேஸ்வரி புது ஹப் வாங்கி வந்தாள். கொஞ்ச நாள் கழித்து அந்த வயர்களில் நூல் கட்டியிருப்பதைப் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, கருப்பு. ஒவ்வொரு வயரிலும் மூன்று சுற்று, மூன்று முடிச்சு. ஹப்பின் துளை ஓரத்திலும் அதே நிறத்தில் ஒரு துண்டு நூல் ஒட்டியிருந்தது.

எனக்கு அந்தப் பெண்ணின் மேல் நம்பிக்கை கிடையாது. மறைப்பானேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அம்மாவோடு போனில் பேசும்போது அவன் பெயர் வரும், என் பெயர் வரும், நடுவில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. அவள் அம்மா அமாவாசைக்கு அமாவாசை மலை மேலே இருக்கிற அய்யனார் கோவிலுக்குப் போய் வருகிறவள். போனால் திருநீறும் மந்திரித்த கயிறும் வரும். என் வீட்டுக்குள் கயிறு வரக்கூடாது என்று கல்யாணத்தன்றே சொல்லியிருந்தேன். இப்போது வயரில் கட்டியிருக்கிறது. மூன்று முடிச்சு வேறு. என் மகனை அந்தப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிட்டாள் என்று முடிவு பண்ணினேன். பெட்டி ஓடினால் இவன் உயிரோடு இருக்கிறான், பெட்டி நின்றால் தண்டவாளத்துக்குப் போகிறான். வேறு என்ன அர்த்தம்?

புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரைப் பார்க்க இரண்டு பேரும் எட்டே முக்கால் பஸ்ஸில் போனார்கள். போனால் திரும்ப அஞ்சு மணியாகும். நான் சவர பிளேடை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குள் போனேன்.

முதலில் கரண்டை நிறுத்த வேண்டும். மில்லில் அதுதான் பழக்கம். சுவிட்சை அணைத்தேன், அது போதாது என்று பிளக்கையே பிடுங்கினேன்.

டின்னில் இருந்த சிவப்பு விளக்கு அணையவில்லை.

பிளக் என் கையில் இருக்கிறது. கரண்ட் இல்லை. விளக்கு எரிகிறது. முப்பத்தோரு வருஷம் மிஷினோடு கிடந்தவன் நான், கரண்ட் இல்லாமல் எரிகிற விளக்கைப் பார்த்தது கிடையாது. "இயேசுவே" என்று வாய் சொல்கிறது, கால் நகரமாட்டேன் என்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததால்தான் பீரோவுக்குப் பின்னால் போகிற இன்னொரு வயர் கண்ணில் பட்டது. அது ஹப்பில் இருந்து போய், பின்னால் தனியாக ஒரு பிளக் பாயிண்டில் செருகியிருந்தது. அதையும் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது.

ஒரு பெட்டிக்கு இரண்டு கரண்ட் எதற்கு? அதிலும் ஒன்றை ஏன் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும்? எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. அந்த இரண்டாவது வயரை அதன் அடாப்டரோடு கழற்றி பீரோ மேலே எறிந்தேன். வயர்களை உருவினேன். நாலு நூலையும் அறுத்தேன், ஹப்பில் ஒட்டியிருந்ததையும் நகத்தால் சுரண்டினேன். கொல்லையில் கொண்டுபோய்க் காகிதத்தில் சுருட்டிக் கொளுத்தினேன். எரிந்து முடிகிற வரை பைபிள் சங்கீதம் சொன்னேன்.

கை கழுவும்போதுதான் பார்த்தேன். விரலெல்லாம் சிவப்பும் பச்சையுமாக இருந்தது. வியர்வைக் கையில் சாயம் இறங்கியிருக்கிறது. கோவில் கயிற்றில் இப்படிச் சாயம் இறங்காது. சட்டைக் கையில் கருப்பு நூல் துண்டு ஒன்று ஒட்டிக் கிடந்தது. அதை எடுத்து முறுக்கைப் பிரித்துப் பார்த்தேன். நாற்பதாம் நம்பர், இரட்டை முறுக்கு. என் நூல். மில்லைவிட்டு வரும்போது நான் கொண்டுவந்த வெள்ளை நூல் கோன், மூட்டை கட்ட என்று அலமாரியில் வைத்திருந்தது. போய்ப் பார்த்தேன். கோனின் முனை புதிதாக வெட்டப்பட்டிருந்தது. பக்கத்திலேயே நாலு ஸ்கெட்ச் பேனா.

மில்லில் நூலின் சன்னத்தைச் சொல்கிற ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு நிறக் கோன் உண்டு. நாற்பதாம் நம்பர் நூல் அறுபதோடு கலந்துவிடாமல் இருக்க நிறத்தைப் பார்த்துத்தான் சுற்றுவோம். தினமும் அதைப் பார்த்த கண் இது. என் கண்ணுக்கு அது மந்திரமாகத் தெரிந்திருக்கிறது. எந்த வயர் எந்தத் துளை என்று தெரிய வைத்த அடையாளத்தை எரித்துச் சாம்பலாக்கிவிட்டு நிற்கிறேன்.

மணி பத்தேகால். அஞ்சு மணிக்குள் அந்தப் பெட்டி ஓட வேண்டும். ஓடாவிட்டால் அவன் செருப்பில்லாமல் கிளம்புவான். அன்றைக்கு இசக்கிமுத்து இருந்தார். இன்றைக்கு யார் இருப்பார்களோ.

மேல் துளையில் இருந்து வரிசையாகக் கைக்கு வந்ததை மாட்டி, டின் பிளக்கைச் சொருகி, டிவியைப் போட்டேன். எழுத்து ஓடியது. நாலு வரி நல்லபடியாக வந்தது. பிறகு திரையின் மேல் மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் படம் வந்து வந்து போனது. கண்ட்ரோலர் விளக்கு இரண்டும் மினுக்கிவிட்டு அணைந்தன. டிஸ்க் இருக்கிறதே, அது உள்ளே டிக், டிக் என்று அடித்துக்கொண்டது. சுற்ற ஆரம்பிக்கும், நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். உயிர் போகிற நேரத்தில் ஏசம்மாளுக்கு மூச்சு அப்படித்தான் வந்தது. ஓடிப்போய் அணைத்தேன்.

மில்லில் நூல் நூற்கிற பிரேம் ஒன்று நின்றுவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்ப்போம். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதில்தான் கோளாறு. அப்படியே செய்தேன். ஒரு கண்ட்ரோலர் மட்டும் மாட்டினால் விளக்கு எரிகிறது. அதைக் கழற்றிவிட்டு மற்றதை மாட்டினாலும் எரிகிறது. டிஸ்க்கை மட்டும் மாட்டினால் அதுவும் சுற்றுகிறது. இரண்டையும் மாட்டி டிஸ்க்கையும் சேர்த்தால் எல்லாமே சாகிறது. அப்படியானால் கோளாறு எதில்? மூன்றும் நல்லது, சேர்ந்தால் கெட்டது. மூன்று மணி நேரம் இதையே செய்தேன். சட்டை நனைந்துவிட்டது. இடையில் ஒரு ரயில் ஊதிக்கொண்டு போனது. அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறான் என்று தெரியும். தெரிந்தும் எழுந்துபோய்க் கதவைப் பார்த்தேன்.

ஒன்றரை மணிக்கு ஹப்பை மட்டும் துணிப்பையில் போட்டுக்கொண்டு மார்க்கெட் பக்கம் செல்போன் ரிப்பேர் பார்க்கும் கௌதம்ராஜ் கடைக்குப் போனேன். பெட்டியைக் கொண்டுபோகவில்லை. அவன் கழற்றி நல்ல சாமானை எடுத்துக்கொண்டு ஓட்டை சாமானைப் போட்டுவிட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

"பெட்டியைக் கொண்டாராம கட்டையை மட்டும் கொண்டாந்திருக்கிய. என் மேல அம்புட்டு நம்பிக்கை" என்றான் அவன்.

நம்பிக்கை இல்லைதான் என்றேன். சிரித்தான். மின்னல் படத்தைப் பற்றியும் டிக் டிக் பற்றியும் சொன்னேன். சிரிப்பதை நிறுத்திவிட்டு ஹப்பைத் திருப்பி, பக்கவாட்டில் இருந்த ஒரு வட்டத் துளையைக் காட்டினான்.

"மின்னல்னா கரண்ட் பத்தலைன்னு அர்த்தம் தாத்தா. சின்னப் பலகை அது, ஒரு டிஸ்க்கையும் ரெண்டு கண்ட்ரோலரையும் எப்படி இழுக்கும்? இந்த ஓட்டைக்குன்னு தனி அடாப்டர் இருக்கணுமே. எங்க அது?"

பீரோ மேலே இருக்கிறது. நான்தான் எறிந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை. கரண்ட் இல்லாமல் ஏன் விளக்கு எரிந்தது என்று மட்டும் கேட்டேன். ஹப்புக்குப் போகிற கரண்ட் பின்பக்கமாகப் பெட்டிக்குள்ளும் போகும் என்றான். மில்லில் வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் முனகும். அதே சத்தத்தைத்தான் டிஸ்க் காலையில் இருந்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பயத்தில் என் காதும் கெட்டுப்போயிருக்கிறது.

கிளம்பும்போது நூல் விஷயத்தையும் சொன்னேன், துளை மாறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். டிஸ்க் எங்கே இருந்தாலும் ஓடும், கண்ட்ரோலர் மாறினால் முதல் ஆள் இரண்டாவது ஆளாகிவிடுவார் என்றான். ஹப்பைத் துடைத்துக் கொடுத்துவிட்டு யோசனையாக ஒன்று சொன்னான்.

"ஆனா தாத்தா, இதைச் செஞ்ச ஆளுக்கு அடையாளமே வேண்டாம். கண்ணை மூடிக்கிட்டு மாட்டுவாரு. வேற யாருக்கோ கட்டியிருக்காரு."

அந்த வார்த்தையை நான் வாங்கிக்கொள்ளவில்லை. என் புத்தி பீரோ மேலே இருந்தது.

வீட்டுக்கு வந்து அடாப்டரை எடுத்தேன். நல்லவேளை, உடையவில்லை. வட்டத் துளையில் செருகிப் போட்டேன். டிஸ்க் ஒரே சீராகச் சுற்றியது. இரண்டு கண்ட்ரோலரும் எரிந்தன. மின்னல் வரவில்லை. அப்போது மணி மூன்றரை.

இனி எது யாருடையது, எது எந்தத் துளை. இரண்டும் ஒரே கருப்பு, ஒரே அச்சு. வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றின் பட்டன் சந்துகளில் வெள்ளையாக ஏதோ இருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தேன். பஞ்சுத் தூசி. தறியில் இருந்து அவள் விரலோடு வந்தது. மில்லில் இருந்தவரை என் காது மடலில்கூட அது இருக்கும். மற்றதில் தூசி இல்லை. இடது குமிழ் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அது அவனுடையது.

துளைக்கும் ஒரு வழி கிடைத்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னதான் பண்ணுகிறாள் என்று பார்க்க தினமும் அந்தக் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்கிறவன் நான். கார் விடும்போது திரை மேலே பாதி, கீழே பாதி என்று பிரியும். "நான் மேல, நீங்க கீழ, என் ரோட்டுக்கு வராதீங்க" என்பாள். அந்தக் கேமைக் கண்டுபிடித்துப் போட்டு, பஞ்சு இருந்த கண்ட்ரோலரை அமுக்கினேன். கீழே இருந்த கார் நகர்ந்தது. பெட்டியை அணைத்து, இரண்டு வயரையும் துளை மாற்றி, மறுபடி போட்டேன். மேலே இருந்த கார் நகர்ந்தது. அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

அஞ்சே கால் மணிக்கு வந்தார்கள். அவள் டீ போட அடுக்களைக்குப் போனாள். அவன் அறைக்குள் போனான். நான் வெளியே நின்றேன். டிவி சத்தம் வரவில்லை. கட்டில் சத்தமும் வரவில்லை. கௌதம்ராஜ் சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. வேற யாருக்கோ கட்டியிருக்காரு. யாருக்கு? எதற்கு?

உள்ளே போனேன். ஹப்பை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். நூல் ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"நூலு எங்கப்பா?"

"நாந்தான் அறுத்தேன். கோவில் கயிறுன்னு நெனச்சிட்டேன். எரிச்சிட்டேன்."

கோபப்படுவான் என்று பார்த்தேன். எழுந்து போவான் என்று வாசலை அடைத்து நின்றேன். அவன் டிவியைப் போட்டான். இரண்டு கண்ட்ரோலரையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான்.

"பின்ன எப்படி மாட்டுனிய?"

பஞ்சுத் தூசியைச் சொன்னேன். தேய்ந்த குமிழைச் சொன்னேன். மேல் பாதி, கீழ் பாதியைச் சொன்னேன். ஊருக்கு வந்த பிறகு அவன் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"சரியா மாட்டியிருக்கிய" என்றான். "அப்ப நூலு இல்லாமலே உங்களுக்குத் தெரியுது. நல்லது."

அந்த நல்லது எனக்குப் பிடிக்கவில்லை. ஷிப்ட் முடிந்து சாவியை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டுப் போகிறவன் சொல்வது மாதிரி இருந்தது.

"யாருக்குல கட்டுன அந்த நூல?"

"உங்களுக்குத்தான். இங்கிலீஷ்ல எழுதி வச்சா உங்களுக்குத் தெரியாது. கலர்னா தெரியும்." திரையைப் பார்த்தபடியே சொன்னான். "நான் இல்லன்னா சாயங்காலத்துல அவ ஒத்தையில உக்காந்திருப்பா. நீங்க மாட்டிக் குடுத்தியன்னா செத்த நேரம் விளையாடுவா."

டிவியில் கேம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து, ஹப்பில் இருந்த நாலு வயரையும் ஒரே பிடியாகப் பிடித்து உருவினேன். டின்னில் இருந்ததையும் உருவினேன். எல்லாவற்றையும் தரையில் போட்டுக் காலால் கலைத்தேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "மறந்துட்டேன். நீதான் மாட்டணும்."

"இப்பத்தான மாட்டுனிய."

"மறந்துட்டேன்னு சொல்லுதேன்லா. எனக்கு என்ன படிப்பு இருக்கு? நீ இருந்தாத்தான் இது ஓடும். இல்லன்னா குப்பைக்குத்தான் போகும்."

வெங்கடேஸ்வரியைக் கூப்பிட்டேன். டீ டம்ளரோடு வந்தாள். அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவன் முன்னாலேயே அவளிடம் சொன்னேன். நூலை எரித்ததையும், அவளை நான் நினைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள், விடவில்லை. மற்றொரு கையால் டாக்டருக்குப் போன் போட்டாள். அழுதுகொண்டேதான் பேசினாள், ஆனால் தெளிவாகப் பேசினாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அவனை நடுவில் உட்கார வைத்தோம். பஸ்ஸில் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மாமா, கயிறு கட்டுறதா இருந்தா உங்க கையிலல்லா கட்டியிருப்பேன், கதவுக்கு வெளிய நிக்காம இருக்க." தெரிந்தே வைத்திருக்கிறாள்.

பதினோரு நாள் அங்கே ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மருந்து மாறியிருக்கிறது. இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறான், கொஞ்சம் பேசுகிறான். டாக்டர் சரியாகிவிடும் என்கிறார். நான் டாக்டரை முழுதாக நம்பவில்லை. அவனையும் நம்பவில்லை. போன மாதம் மறுபடி நூல் கட்டினான், சிவப்பும் மஞ்சளும். அவன் குளிக்கப் போன நேரத்தில் அறுத்துவிட்டேன். கோனையும் ஒளித்து வைத்துவிட்டேன்.

தினமும் அவள் வருவதற்கு முன்னால் அறைக்குள் போய் எல்லா வயரையும் உருவிக் கலைத்துப் போடுகிறேன். "ஏன்ப்பா இப்படிச் செய்திய" என்று கத்துகிறான். எனக்கு என்னடா தெரியும் என்கிறேன். உட்கார்ந்து மாட்டுகிறான். மாட்டி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த வயர் எந்தத் துளை என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். செத்தாலும் சொல்லமாட்டேன்.

இப்போது மணி நாலேமுக்கால். உருவப் போகிறேன்.